சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்: காது சரியாகக் கேட்காத சிறுபிள்ளையோடு சிங்கப்பூரில் வெளியே போய்வருவது

உங்கள் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று சமீபத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றால், இப்போது உங்கள் வீட்டு நாள்காட்டி எப்படி இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். செவிப் பரிசோதனை, மோல்ட் (கேட்கும் கருவியைக் காதில் பொருத்தும் பாகம்) எடுப்பது, பேச்சுப் பயிற்சி, மறுபடி பரிசோதனை. பிள்ளையை வெளியே கூட்டிப்போவது என்றாலே மருத்துவமனைக்குப் போவது என்று ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் முதல் ஒன்றரை வருடம் அப்படித்தான் போனது. மகளுக்கு இப்போது ஐந்து வயது, இரண்டு காதிலும் கேட்கும் கருவி போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அங்கிருந்து இங்கே வர நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். முதல்முறையாகக் கிளம்பப் போகிறவர்களுக்காக.

முதலில் ஒரு பேருந்து நிறுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போகலாம் என்று வாளி, மண்வெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு புளோக்குக்கு எதிரே நின்றோம். பேருந்து வந்தது, அவ்வளவுதான். நிறுத்தத்தின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள், முகமெல்லாம் சிவந்து, மூச்சு விடாமல். பசி, தூக்கம், வெயில் என்று நான் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவிதான் சொன்னாள், "இந்த பஸ்ஸுலதானே ஆஸ்பத்திரிக்குப் போவோம்." அதற்கு முந்தைய மூன்று தடவையும் அதே எண் பேருந்து. அந்தப் பயணத்தின் முடிவில் ஒருவர் அவள் காதுக்குள் குளிர்ந்த களிம்பை ஊற்றி மோல்டுக்கு அச்சு எடுப்பார். இன்று கடலுக்குப் போகிறோம் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. காலையிலிருந்து வீட்டில் பேச்சே அதுதான், ஆனால் நான் அடுப்படியிலிருந்து பேசினேன், மனைவி போனில் அக்காவிடம் பேசினாள், மாமியார் அறைக்குள்ளிருந்து துண்டு எடுத்தாயா என்று கேட்டார். காது கேட்கும் பிள்ளையாக இருந்தால் அதிலிருந்தே பத்து தடவை கடல் என்ற சொல்லைப் பிடித்திருக்கும். இவளுக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்க மாட்டோம், போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். ஆனால் அதை வாசலில் நின்று உள்பக்கம் பார்த்துச் சொல்கிறோம். இந்தப் பிள்ளைக்கு அது கேட்காது. அவள் கணக்கில் அப்பா இருந்தார், பிறகு இல்லை. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு பழக்கத்தைப் பிடியுங்கள்: எங்கே போவதானாலும், யார் போவதானாலும், பிள்ளையின் முன்னால் குனிந்து, முகம் பார்த்து, சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.

எப்படிச் சொல்வது

இரண்டு வயதுப் பிள்ளைக்கு "நாளைக்கு" என்பதே புரியாது, கேட்கிற பிள்ளைக்கும்தான். அதனால் படம். நாங்கள் கைப்பேசியில் ஒரு ஆல்பம் வைத்திருக்கிறோம்: கடற்கரை, பாட்டி வீடு, தேக்கா சந்தை, நீச்சல் குளம், பாலர் பள்ளி, மருத்துவமனை, பல் மருத்துவர். போகிற ஒவ்வொரு இடத்திலும் வாசலை ஒரு படம் எடுத்துவிடுவோம். இணையத்தில் கிடைக்கிற அழகான படம் வேண்டாம், அவள் கண்ணால் பார்க்கப்போகிற அதே வாசல். கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் படத்தைக் காட்டி, "கடலுக்குப் போறோம். அப்பா, அம்மா, நீ. பஸ். மணல். அப்புறம் வீடு." கடைசியில் வீடு என்பதை விடாதீர்கள், திரும்பி வருவோம் என்பது பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

மருத்துவமனைக்குப் போகிற நாளிலும் இதையே செய்யுங்கள். அழுவாள் என்று தெரிந்துதான் காட்ட வேண்டும். ஒருநாள் மறைத்தீர்கள் என்றால் மற்ற படங்களையும் நம்ப மாட்டாள். நாங்கள் மோல்ட் எடுக்கும் நாளில் காதைத் தொட்டுக் காட்டி, குளிரும் என்று தோளைக் குலுக்கிக் காட்டி, அப்புறம் பூங்கா என்று இரண்டாவது படத்தையும் காட்டுவோம். அழுகை நிற்கவில்லை, ஆனால் பேருந்து நிறுத்தத்தில் கம்பியைப் பிடிப்பது நின்றுவிட்டது.

கிளம்பும் முன் காதும் பையும்

காலையில் கருவி மாட்டியதும் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, லிங் ஆறு ஒலிச் சோதனை என்பார்கள், செவிப் பரிசோதனை செய்கிற உங்கள் ஆடியாலஜிஸ்ட் சொல்லியிருப்பார்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சில் வருகிற வீச்சை இந்த ஆறும் தொட்டுவிடும். பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, வாயசைவு தெரியாமல், ஒவ்வொன்றாக, ஒரே தாளத்தில் வராமல் இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை திரும்பிப் பார்த்தால் போதும், கொஞ்சம் வளர்ந்தபின் கேட்டதும் ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போடச் சொல்லலாம். நேற்று வரை ஸ் கேட்டவள் இன்று திரும்பவில்லை என்றால் மோல்டில் குறும்பி அடைத்திருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம், சளி பிடித்திருக்கலாம். தேக்கா நடுவில் நிற்கும்போது கண்டுபிடிப்பதைவிட வீட்டிலேயே கண்டுபிடிப்பது நல்லது.

பேட்டரி சமாச்சாரம் புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், நிறத்தை நினைவில் வையுங்கள். ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, நீலம் 675, பழுப்பு 312. இவை காற்று பட்டால் வேலை செய்யும் துத்தநாக பேட்டரிகள், ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்தபின் திரும்ப ஒட்டினாலும் மிச்சம் பிடிக்க முடியாது. பேட்டரிக் கதவுக்குப் பிள்ளைகள் திறக்க முடியாத பூட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளை பேட்டரியை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல், நேராக அவசரசிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தீர்ந்த பேட்டரியும் ஆபத்துதான், அதைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது.

பையில் நான் வைத்திருப்பது: புதிய பேட்டரி இரண்டு அட்டை, உலர்ந்த மெல்லிய துணி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட ஸிப் பை, குடை. கருவியிலிருந்து சட்டைக் காலருக்குப் போகிற கிளிப் கயிறு கட்டாயம், அது இல்லாமல் தள்ளுவண்டியில் உட்கார்ந்த பிள்ளை கருவியைக் கழற்றி எறிந்தால் நீங்கள் திரும்பி நடந்த வழியெல்லாம் தேட வேண்டியதுதான். ஸிப் பை நம் ஊர் மழைக்கு. நல்ல வெயிலாக இருக்கும், பத்தே நிமிடத்தில் கொட்டும். அப்போது கருவியைக் கழற்றிப் பையில் போடுங்கள், ஆனால் கழற்றும் முன்னால் மழையைக் காட்டி, காதைக் காட்டி, சொல்லிவிட்டுக் கழற்றுங்கள். உலகத்தின் சத்தத்தைத் திடீரென்று அணைப்பது அது. சொல்லாமல் செய்யக் கூடாது.

கருவி விசில் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் மோல்ட் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். இந்த வயதில் காது வேகமாக வளரும், சில மாதத்துக்கு ஒருமுறை புதிது எடுக்க வேண்டியிருக்கும். தொப்பி உரசினாலும் விசில் வரும், ஆகவே காதை மூடாத தொப்பி. முடியை இறக்கிவிட்டால் தெரியாதே என்று சொந்தக்காரர்கள் சிலர் சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். நாங்கள் மோல்டின் நிறத்தை மகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். ஊதா, அதுவும் மினுமினுப்புப் போட்டது. இரண்டு பக்கமும் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறாள்.

நடப்பதும் பயணமும்

கூப்பிட்டால் வந்துவிடும் என்ற கணக்கு நமக்குக் கிடையாது. இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறைந்துவிடும், கருவி நன்றாக வேலை செய்வதே ஒன்றரை மீட்டருக்குள் தான். பத்து மீட்டர் தள்ளி ஓடுகிற பிள்ளையை நோக்கி நீங்கள் எவ்வளவு கத்தினாலும், அது பேச்சாகப் போய்ச் சேராது. அதனால் வெளியில் கையெட்டும் தூரம், இல்லாவிட்டால் கண்ணெட்டும் தூரம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள், உங்கள் கைப்பேசி எண் எழுதிய அட்டையைச் சட்டைப்பையின் உள்ளே வையுங்கள்.

பூங்கா இணைப்புப் பாதைகளில்தான் எனக்கு அதிகப் பயம். சைக்கிள்கள் 25 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம், பின்னாலிருந்து மணி அடிப்பார்கள், நம் பிள்ளைக்கு மணி கேட்டாலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. கருவி சத்தத்தைக் கொண்டுவந்து கொடுக்கும், திசையைச் சரியாகச் சொல்லாது. ஆகவே இடது ஓரம், பிள்ளை புல் பக்கம், நாம் சக்கரங்களின் பக்கம். கையைப் பிடித்தே நடக்கும்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: ஒரு அழுத்து என்றால் நில், இரண்டு அழுத்து என்றால் என்னைப் பார். இதை வீட்டின் கீழே வாய்ட் டெக்கில் விளையாட்டாகவே ஒரு வாரம் பழக்கினோம். இன்று வரை அதைவிட உபயோகமானது வேறு எதுவும் எங்களிடம் இல்லை. கார் நிறுத்துமிடங்களில் இன்னும் கவனம், மின்சாரக் கார் பின்னால் வருவது நமக்கே சில நேரம் தெரிவதில்லை.

எம்ஆர்டியில், சுரங்கத்துக்குள் ரயில் ஓடும்போது பேச முயலாதீர்கள். இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினால் உங்கள் முகம்தான் கோபமாகத் தெரியும். அந்த நேரத்துக்குப் படம், விரல், கதவுக்கு மேலே இருக்கிற நிலைய வரைபடம். எத்தனை நிலையம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுவது என் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கதவு மூடும்போது விளக்கு மினுங்குவதைக் காட்டிக் கொடுங்கள், மற்றவர்களுக்கு அது ஒலி, இவளுக்கு ஒளி. பேருந்தில் எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பக்கம் உட்காருவது மேல், மாடிப் பேருந்தின் மேல்தளத்து முதல் வரிசை கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் உட்காருவதைவிட எதிரும் புதிருமான இருக்கை கிடைத்தால் உடனே பிடித்துக்கொள்ளுங்கள், முகம் தெரியும்.

முதலில் எங்கே போவது

அமைதியான இடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் தடவையே பேரங்காடியின் உள்விளையாட்டு அரங்கத்துக்குப் போனீர்கள் என்றால் கூரையும் தரையும் எல்லாச் சத்தத்தையும் திருப்பி அடிக்கும், பிள்ளை கருவியைப் பிடுங்கிப் போடும், வெளியே போவதே ஒத்துவராது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள்.

தாவரப் பூங்காவில் இருக்கும் ஜேக்கப் பாலஸ் சிறுவர் பூங்கா நல்ல தொடக்கம். அனுமதி இலவசம், திங்கட்கிழமை மூடியிருக்கும், பிள்ளை கூட இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடுவதில்லை. வேலியும் வாசலும் இருப்பதால் பிள்ளை ஓடிவிடுமோ என்ற பதற்றம் நமக்குக் குறைகிறது, பதற்றம் குறைந்தால் பேச நேரம் கிடைக்கிறது. பீஷான் அங் மோ கியோ பூங்காவில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும்படி அமைத்த விளையாட்டிடம் இருக்கிறது, அதிர்ஷ்டம் இருந்தால் ஆற்றில் நீர்நாய்க் குடும்பத்தையும் பார்க்கலாம். மண்டாய் விலங்கியல் தோட்டத்துக்குப் போவதானால் காலை 8.30க்குத் திறக்கும்போதே போய்விடுங்கள், ஒலிபெருக்கி வைத்து நடத்தும் காட்சிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது சுங்கை பூலோ சதுப்புநிலம். உடும்பு, சேற்றில் தத்தும் மீன், சில நேரம் முதலை, எல்லாம் மெதுவாக நகர்கிற உயிர்கள். அங்கேதான் நான் ஒரு முக்கியமான பாடம் படித்தேன். மகளுக்கு மூன்று வயது. பாதையின் குறுக்கே ஒரு பெரிய உடும்பு வந்து நின்றது. நான் உடனே குனிந்து, "பாரு, உடும்பு, எவ்வளவு பெரிசு, நாக்கைப் பாரு" என்று வழக்கமாக எல்லா அப்பாக்களும் பேசுவதுபோல் பேசிக்கொண்டே போனேன். அவள் கண் உடும்பின் மேல் இருந்தது. என் வாயின் மேல் இல்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவளுக்குப் போகவில்லை. கேட்கிற பிள்ளை உடும்பைப் பார்த்துக்கொண்டே சொல்லைக் காதில் வாங்கும், இவளுக்கு இரண்டுக்கும் கண்தான். மனைவி என் தோளைத் தொட்டு, சும்மா இருங்க என்றாள். சும்மா இருந்தேன். உடும்பு நாக்கை நீட்டியது, வாலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது, நீண்ட நேரம் கழித்து அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், இரண்டு புருவமும் மேலே ஏறியிருந்தது. அப்போது சொன்னேன், "உடும்பு." அவள், "உம்பு" என்றாள். அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பல்லியெல்லாம் உம்புதான்.

ஆகவே வரிசை இதுதான்: காட்டுங்கள், காத்திருங்கள், பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது சொல்லுங்கள், மறுபடி காட்டுங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம். நமக்கு வாய் சும்மா இருக்காது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முகக்கவசம் இருந்தால் இறக்கி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பிள்ளைக்கு உங்கள் முகம் வெறும் நிழல். இயல்பான குரலில் பேசுங்கள், கத்தினால் வாயசைவு கோணிவிடும்.

சத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். சத்தம் வந்தால் உங்கள் காதைத் தொட்டுக் காட்டி, எங்கிருந்து வருகிறது என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். எங்கள் புளோக்குக்குக் கீழே விடிகாலையில் குயில் கத்தும், அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அதனால் தூக்கம் கெடும். புதிய கருவி போட்ட மூன்றாவது வாரம், பாலர் பள்ளிக்குப் போகிற வழியில் மகள் நின்று, விரலால் தன் காதைத் தொட்டுவிட்டு மரத்தைக் காட்டினாள். நாங்கள் காட்டாமல் அவளாகப் பிடித்த முதல் சத்தம் அது. அன்றைக்கு நான் வேலைக்குத் தாமதம்.

கடற்கரைக்கு ஒரு வார்த்தை. காற்று மைக்கில் மோதினால் பிள்ளைக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும். மெல்லிய பருத்தி நாடாவைக் கருவியின் மேல் படும்படி தலையில் கட்டினால் கொஞ்சம் குறையும். மணல் விளையாடிய கையோடு கருவியைத் தொட விடாதீர்கள். தண்ணீரில் இறங்கும் முன் கழற்றி உலர்ந்த பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவைசிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி) போட்ட பிள்ளைகளுக்குச் சில வகைகளில் நீர்புகா உறை கிடைக்கிறது, உங்கள் வகைக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இருக்கும்போதுதான் சைகை எவ்வளவு உதவும் என்று தெரியும். கருவி கிடையாது, சுற்றிலும் இரைச்சல், ஆனால் நில், வா, போதும், இன்னும், கழிவறை, வலி என்று பத்துப் பதினைந்து சைகை தெரிந்தால் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசலாம். சைகை கற்றால் பிள்ளை பேசாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மவுண்ட்பேட்டன் சாலையில் இருக்கும் சிங்கப்பூர்ச் செவிப்புலன் குறைபாடு உடையோர் சங்கம், 1955இல் தொடங்கியது, சிங்கப்பூர்ச் சைகைமொழி வகுப்புகள் நடத்துகிறது, பெரியவர்களும் சேரலாம். அங்கே காது கேளாத பெரியவர்களைச் சந்தித்ததுதான் எனக்கு அதில் கிடைத்த பெரிய லாபம். வேலை பார்க்கிறார்கள், கல்யாணம் ஆகி, பிள்ளைகளை வளர்க்கிறார்கள். என் மகளின் முப்பது வயதை நான் முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன்.

கூட்டமான இடங்கள்

பழகிய பிறகு கூட்டத்துக்கும் போகத்தான் வேண்டும், கோயிலும் கல்யாணமும் இல்லாமல் நம் வாழ்க்கை ஏது. உணவங்காடி நிலையத்துக்குப் போனால் மூலை மேசை, சுவர் ஓரம், மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். பன்னிரண்டு மணிக்குப் போகாமல் பத்தரைக்கு அல்லது மூன்று மணிக்குப் போங்கள். வேண்டியதைப் பிள்ளையே கேட்கட்டும். தேக்காவில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடைக்காரர் மகள் தோசை என்று சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார், பின்னால் வரிசை நின்றாலும். பாப்பாவுக்குக் காதில் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. முன்பெல்லாம் நான் விளக்கம் சொல்வேன், இப்போது மகளே "என் காது" என்று சொல்லிவிடுகிறாள்.

கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் நின்றால் நமக்கே நெஞ்சு அதிரும். கருவி ஒரு அளவுக்கு மேல் சத்தத்தை உள்ளே விடாதபடி உச்சவரம்பு வைத்துத்தான் தருகிறார்கள், என்றாலும் அதே இரைச்சல் விடாமல் வந்தால் பிள்ளைக்குத் தாங்காது. பிள்ளை கருவியைப் பிடுங்குகிறது என்றால் அது அடம் இல்லை, போதும் என்று சொல்கிறது, வெளிப்பிரகாரத்துக்குக் கூட்டிப்போங்கள். முதலில் கூட்டமில்லாத சாயங்காலமாகப் பார்த்துப் போய், மணியை, தீபத்தை, தூணை எல்லாம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். தைப்பூசத்துக்குப் போவதானால் உறுமி மேளத்துக்கு அருகில் வேண்டாம், தள்ளி நின்று காவடியைப் பார்க்கலாம்.

நம் வீட்டு வழக்கங்களில் சிலவற்றுக்குத் திட்டம் வேண்டும். காது குத்துவதில் தடையில்லை, ஆனால் மோல்ட் எடுக்கிற மாதத்தில் குத்தாதீர்கள், புண் ஆறும்வரை மோல்ட் மாட்டும்போது காதை இழுத்தால் வலிக்கும், பிள்ளை கருவியையே வெறுத்துவிடும். ஜிமிக்கி வேண்டாம், சிறு தோடு போதும். மொட்டை போட்டுச் சந்தனம் பூசினால் அது மைக்கின் துளையை அடைக்கும், காய்ந்து துடைத்த பிறகே கருவி. எண்ணெய்க் குளியல் நாளில் காதின் பின்புறம் வரை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். காதில் நல்லெண்ணெய் காய்ச்சி விட்டால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொன்னால், அன்பில்தான் சொல்கிறார், ஆனாலும் விடக் கூடாது.

விருந்து, கூட்டம் என்று போகும்போது ரிமோட் மைக் இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியும். பேசுகிறவர் கழுத்தில் மைக், குரல் நேராகப் பிள்ளையின் கருவிக்குள் போகும், தூரமும் இரைச்சலும் குறுக்கே வராது. கார் ஓட்டிக்கொண்டே பின்சீட்டில் இருக்கும் பிள்ளையோடு பேசவும் முடியும். விலை அதிகம்தான். உடற்குறை உள்ளவர்களுக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பு வழியாக உதவித் தொழில்நுட்ப நிதிக்கு விண்ணப்பிக்கலாம், குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும், ஒருவருக்கு வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. அவர்களுடைய எனேபிலிங் வில்லேஜ் ரெட்ஹில் எம்ஆர்டி பக்கம், லெங்கோக் பாருவில் இருக்கிறது. பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் (CDA, பிள்ளையின் பெயரில் அரசாங்கமும் பணம் சேர்க்கும் சேமிப்புக் கணக்கு) இருக்கும் பணத்தையும் அனுமதி பெற்ற இடங்களில் இப்படிப்பட்ட சாதனங்களுக்குச் செலவழிக்கலாம். மருத்துவமனையின் சமூகசேவை அலுவலரிடம் கேட்கத் தயங்காதீர்கள், படிவங்களை நிரப்ப அவர்கள் உதவுவார்கள்.

எந்த மொழியில் பேசுவது

இதை யாராவது உங்களிடம் கட்டாயம் எழுப்புவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். காது கேட்காத பிள்ளைக்கு ஒரு மொழி போதும், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். நாங்களும் நான்கு மாதம் அப்படியே செய்தோம். மாமியாருக்கு ஆங்கிலம் வராது. பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிறவர் அவர்தான், நாலு மாதமும் அவர் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை, தவறாகப் பேசிப் பிள்ளையைக் கெடுத்துவிடுவோமோ என்று பயம். நிறைய மொழி கேட்க வேண்டிய பிள்ளை, வீட்டிலேயே அமைதியைக் கேட்டது. பிறகு வந்த பேச்சுப் பயிற்சியாளர்தான் உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் பேசுங்கள் என்றார். அன்று மாலையே மாமியார் வாய்ட் டெக்கில் உட்கார்ந்து, "கண்ணு, இங்க பாரு, பாட்டியப் பாரு" என்று ஆரம்பித்தார், பூனை, புறா, குப்பை வண்டி, மழை, எல்லாம் தமிழில். மகள் இப்போது பள்ளியில் ஆங்கிலமும் பாட்டியிடம் தமிழும் அம்மாவிடம் இரண்டையும் கலந்தும் பேசுகிறாள்.

வீடு திரும்பிய பிறகு

களைத்துப் போயிருப்பாள். நாள் முழுதும் கூர்ந்து கேட்பதும் முகம் பார்ப்பதும் பெரிய உழைப்பு, நாம் பார்க்கும்போது விளையாட்டு மாதிரித்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் கருவி வேண்டாம் என்றால் கழற்றிவிடுங்கள், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

இரவு மோல்டைத் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, கருவியை ஈரத்தை உறிஞ்சும் டிரை பாக்ஸில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது தினமும் வேண்டும், வியர்வை உள்ளே தங்கினால் கருவி பழுதாகும். ஆனால் கழற்றுவதற்கு முன்னால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, அன்று எடுத்த படங்களை அவளோடு ஒருமுறை பாருங்கள், அவள் சொல்லட்டும், நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டால் அவளுக்குக் காதும் இல்லை, உங்கள் முகமும் இல்லை, இருட்டில் சொல்கிற எதுவும் போய்ச் சேராது. நாங்கள் கடைசியாக மறுநாள் போகிற இடத்தின் படத்தைக் காட்டுவோம், ஒன்று மட்டும். பாலர் பள்ளி என்றால் தலையை ஆட்டுவாள். போன வாரம் மருத்துவமனைப் படம். உதட்டைப் பிதுக்கிவிட்டு, தானே விரலால் தள்ளி, அதற்கு அடுத்து என்ன படம் இருக்கிறது என்று பார்த்தாள். பூங்கா இருந்தது. போனைக் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.